மதுரைக் கோட்டையில் பறந்த இரவல் கொடி

மதுரை மாநகரின் மேற்குப் புறத்தே சம்மட்டிபுரம் என்றொரு பகுதி உண்டு. முன்னாளில் கோட்டைக்கு வெளியே வயலும் வெளியுமாகக் கிடந்த நிலம் அது. இன்று வீடுகளும் கடைகளும் நெருங்கி நிற்கின்றன. அவற்றின் நடுவே ஒரு சிறு பள்ளிவாசலும், அதனுள்ளே ஓர் அடக்கத்தலமும் இருக்கின்றன. அங்கே அடங்கியிருப்பவர் இறைநேசச் செல்வரும் அல்லர். மார்க்க மேதையும் அல்லர். வாள் பிடித்து வாழ்ந்து, தூக்குக் கயிற்றில் மாண்ட ஒரு தளபதி அவர். முழு உடலும் அங்கே அடக்கம் செய்யப்படவில்லை என்பது மதுரை மரபு. தலையும் கையும் காலும் வெவ்வேறு ஊர்களுக்கு அனுப்பப்பட்டன. எஞ்சிய உடல் மட்டுமே தூக்கிலிடப்பட்ட இடத்திற்கு அருகே மண்ணில் வைக்கப்பட்டது என்பர். 1808ஆம் ஆண்டில் ஷேக் இமாம் என்பவர் அந்த இடத்தில் இப்பள்ளிவாசலை எழுப்பினார்.

அவர்தாம் முஹம்மது யூசுப் கான். மதுரை மக்களின் வாயில் கான் சாஹிபு. பிறந்தபோது பெற்றோர் இட்ட பெயர் மருதநாயகம் என்று மரபு கூறுகிறது.

அவரைப் பற்றி நம் வீடுகளில் இரண்டு விதமான பேச்சு உண்டு. வெள்ளையரை எதிர்த்து மடிந்த முதல் வீரர் அவரே என்று போற்றுவோர் ஒரு புறம். வெள்ளையரிடம் சோறு தின்று, பாளையக்காரரை அழித்து, பின்னர் சோறிட்டவரையே எதிர்த்தவர் என்று தள்ளுவோர் மறுபுறம். 1997இல் அவர் பெயரால் ஒரு திரைப்படம் தொடங்கப்பட்டது. அதன் தொடக்க விழாவுக்குப் பிரிட்டிஷ் அரசி இரண்டாம் எலிசபெத்தே வந்திருந்தார். யாருடைய முன்னோரின் படை அவரைப் பிடித்துக் கொடுத்ததோ அவர்களின் அரசி முன்னிலையில் தொடங்கிய அந்தப் படம் முடிவடையாமலே நின்றுவிட்டது. கான் சாஹிபைப் பற்றிய நம் தீர்ப்பும் அப்படத்தைப் போலவே பாதியில் நிற்கிறது. அத்தீர்ப்பை எட்ட வேண்டுமானால், அவர் வாழ்ந்த காலத்தின் பெரும் போரை முதலில் நாம் அறிந்தாக வேண்டும்.

கடலுக்கு அப்பால் மூண்ட தீ

ஆங்கிலேயரும் பிரஞ்சுக்காரரும் தமிழகத்திற்கு வணிகராகவே வந்தனர். ஒருவர் சென்னையில் கோட்டை கட்டினர். மற்றவர் புதுச்சேரியில் கட்டினர். துணியும் மிளகும் வாங்கி விற்பதே இருவரின் தொழில். ஆனால், ஐரோப்பாவில் அவ்விரு நாட்டு மன்னர்களும் மோதிக்கொண்ட போதெல்லாம் அந்தத் தீ கடல் கடந்து நம் கரையிலும் பற்றியது.

ஆஸ்திரிய நாட்டு அரியணை யாருக்கு என்று ஐரோப்பாவில் எழுந்த சண்டையின் விளைவாக, 1746 செப்டம்பரில் பிரஞ்சுக் கடற்படை சென்னையைக் கைப்பற்றியது. ஆற்காட்டு நவாப் அன்வருத்தீன் கான் தம் மகன் மஹ்பூஸ் கானைப் பெரும் படையுடன் அனுப்பினார். அடையாற்றங்கரையில் சில நூறு பேரே கொண்ட பிரஞ்சுப் படை அப்பெரும் படையைச் சிதறடித்தது. அணி வகுத்து நின்று, கட்டளைக்குக் கட்டுப்பட்டுத் துப்பாக்கி சுடும் சிறு படை, குதிரையும் யானையும் கொண்ட பெரும் படையை வெல்லும் என்ற உண்மையை அந்த ஆற்றங்கரை காட்டிக் கொடுத்தது. அது முதல் இரு கம்பெனியாரும் நம் நாட்டு இளைஞரைச் சிப்பாய்களாகச் சேர்த்துப் பயிற்றத் தலைப்பட்டனர். நம் கதைத் தலைவர் எழுந்து வந்த ஏணி அதுவே.

1748இல் ஐரோப்பாவில் சமாதானம் ஏற்பட்டது. வட அமெரிக்காவில் தாம் இழந்த லூயிபர்க் கோட்டையைத் திரும்பப் பெற்றுக்கொண்ட பிரஞ்சுக்காரர், அதற்கு ஈடாகச் சென்னையை ஆங்கிலேயருக்கு விட்டுக் கொடுத்தனர். பனி மூடிய ஒரு கோட்டைக்கும் வெயிலில் காயும் நம் சென்னைக்கும் பண்டமாற்று நடந்தது! சென்னையில் வாழ்ந்தவர்களை எவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

சமாதானம் தாளில் இருந்தது, தரையில் இல்லை. ஆற்காட்டு நவாப் பதவிக்கு அன்வருத்தீன் குடும்பமும் சந்தா சாஹிபும் போட்டியிட்டனர். சந்தா சாஹிபின் பக்கம் புதுச்சேரிக் கவர்னர் டூப்ளே நின்றார். 1749 ஆகஸ்டில் ஆம்பூர்ப் போரில் அன்வருத்தீன் கொல்லப்பட்டார். அவர் மகன் முஹம்மது அலி திருச்சிராப்பள்ளிக் கோட்டையில் அடைக்கலம் புகுந்தார். ஆங்கிலேயர் அவர் பக்கம் சேர்ந்தனர். போட்டியிட்ட இரு நவாபுகளும் முஸ்லிம்கள். இருவருக்காகவும் போரிட்டு மாண்ட சிப்பாய்களில் இந்துக்களும் முஸ்லிம்களும் கலந்திருந்தனர். ஆகவே இதனைச் சமயப் போர் என்று எவரேனும் கூறின் அது வரலாறு ஆகாது. இரண்டு வணிகக் கம்பெனிகள் இரண்டு நவாபுகளின் தோளில் துப்பாக்கியைச் சாய்த்துச் சுட்ட போர் அது.

மதுரைக்கு வந்த வினை

இந்தப் போட்டியில் மதுரைக்கு என்ன பங்கு? வரிப்பணமே மதுரையின் பங்கு.

1736இல் சந்தா சாஹிபு திருச்சிராப்பள்ளியை இராணி மீனாட்சியிடமிருந்து கைப்பற்றியதோடு நாயக்கர் ஆட்சி முடிவுற்றது. அதன் பின் மதுரைச் சீமைக்கு நிலையான தலைவர் எவரும் இல்லை. மராட்டியர் வந்தனர், நிஜாம் வந்தார், நவாபின் ஆட்கள் வந்தனர். வைகைக் கரையின் நெல்லும் திருநெல்வேலிச் சீமையின் நெல்லும் பருத்தியும் யார் கையில் சேருமோ அவர் படை நடத்த முடியும். போர் நடத்தப் பணம் தேடிய முஹம்மது அலிக்கும், அவருக்குக் கடன் கொடுத்த கம்பெனிக்கும் இச்சீமைகளின் மீது கண் விழுந்ததில் வியப்பில்லை. சந்தா சாஹிபின் சார்பில் ஆலம் கான் மதுரைக் கோட்டையைப் பிடித்து வைத்திருந்த காலத்தில், 1751இல், காப்டன் கோப் என்ற ஆங்கில அதிகாரி அதனைத் தாக்கித் தோற்றுத் திரும்பினார்.

மதுரைக் கோட்டை இரட்டை மதிலும் அகழியும் கொத்தளங்களும் உடையது. இன்று வெளி வீதிகள் நான்கிலும் நடப்போர் தாம் அக்கோட்டையின் எல்லையில் நடப்பதை உணர்வதில்லை. 1840களில் கலெக்டர் பிளாக்பர்ன் காலத்தில் மதில்கள் இடிக்கப்பட்டு, அகழி தூர்க்கப்பட்டு, வீதிகள் உண்டாயின. பெரியார் பேருந்து நிலையத்திற்கு அருகே எஞ்சி நிற்கும் கொத்தளம் ஒன்றே பழைய பெருமைக்குச் சான்று பகர்கிறது.

பனையூரிலிருந்து புறப்பட்ட பிள்ளை

இராமநாதபுரம் சீமையின் பனையூரில், வேளாளர் குடும்பமொன்றில், 1725ஆம் ஆண்டளவில் பிறந்தவர் யூசுப் கான் என்று கூறுவர். இளமையிலேயே வீட்டை விட்டு வெளியேறி, இஸ்லாத்தைத் தழுவி, படைத் தொழிலில் புகுந்தார். 1752ஆம் ஆண்டளவில் அவரைக் கிளைவின் படையில் காண்கிறோம். திருச்சிராப்பள்ளி முற்றுகையின்போது, பகைவர் சூழ்ந்த வழிகளினூடே உணவு வண்டிகளைக் கொண்டு சேர்க்கும் கடும்பணியை அவர் செய்தார். படைத் தலைவர் லாரன்ஸ் அவருடைய வீரத்தையும் விழிப்பையும் வாயாரப் புகழ்ந்தார். கம்பெனி அவருக்குத் தங்கப் பதக்கம் அளித்துச் சிப்பாய்களின் தளபதியாக்கியது.

1754இல் நடந்த ஒரு நிகழ்ச்சி நம் கவனத்திற்குரியது. யூசுப் கான் மைசூர்ப் படையோடு இரகசியமாக உறவாடுகிறார் என்று காட்டும் கடிதம் ஒன்று ஆங்கிலேயர் கையில் சிக்கியது. விசாரணையில் அது பொய்க் கடிதம் என்றும், லாரன்சின் துபாஷியாகிய பொன்னியப்பன் என்பவரின் சூழ்ச்சி என்றும் தெரிய வந்தது. துபாஷி பீரங்கி வாயில் கட்டிச் சுடப்பட்டார். கான் சாஹிபின் மீது விழுந்த முதல் துரோகப் பழி இவ்வாறு பொய்யாகியது. அரும்பாடுபட்டு உழைத்த ஒருவரையும் ஒரு தாள் துண்டை வைத்துச் சந்தேகிக்கும் எசமானர்களிடம் தாம் பணிபுரிகிறோம் என்பதை அன்றே அவர் அறிந்திருக்க வேண்டும்.

1755இல் கர்னல் ஹெரான், நவாபின் தமையன் மஹ்பூஸ் கானுடன் மதுரை, திருநெல்வேலிச் சீமைகளின் மீது படையெடுத்தார். யூசுப் கானும் உடன் சென்றார். மதுரை வீழ்ந்தது. ஆனால் ஹெரானின் படையினர் கோயில்குடி ஆலயத்தின் சிலைகளைக் கவர்ந்து சென்றனர். திரும்பும் வழியில் நத்தம் கணவாயில் கள்ளர் நாட்டார் அப்படையின் மீது பாய்ந்து பெருஞ்சேதம் விளைவித்தனர். சென்னை திரும்பிய ஹெரான் இராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டுப் பதவி இழந்தார். பீரங்கியால் ஒரு கோட்டையைப் பிடிக்கலாம். மக்கள் வணங்குவதைக் கொள்ளையிட்டு நாட்டை ஆள முடியாது. இப்பாடத்தை ஹெரான் கற்கவில்லை. கான் சாஹிபு கற்றார் என்பதற்கு அவருடைய பிற்கால ஆட்சி சான்றாகும்.

குத்தகைக்கு எடுத்த மஹ்பூஸ் கான், பின்னர் பாளையக்காரரோடு சேர்ந்து தம்பியையே எதிர்த்தார். 1756இல் யூசுப் கான் மதுரைக்கு அனுப்பப்பட்டார். அடுத்த ஆண்டு காப்டன் காலியாடும் அவரும் கோட்டையை முற்றுகையிட்டனர். தாக்கிப் பிடிக்க முடியாமல், உள்ளிருந்தோருக்குப் பணம் கொடுத்தே 1757 செப்டம்பரில் கோட்டையைப் பெற்றனர்.

இதற்குள் ஐரோப்பாவில் ஏழாண்டுப் போர் மூண்டுவிட்டது. 1758 டிசம்பரில் பிரஞ்சுத் தளபதி லாலி சென்னைக் கோட்டையை முற்றுகையிட்டார். மதுரையிலிருந்து அழைக்கப்பட்ட கான் சாஹிபு, பரங்கிமலையைச் சுற்றிய வட்டாரத்தில் லாலியின் பின்புறத்தை ஓயாமல் தாக்கினார். பகைவருக்கு உணவு சேரவிடாமல் செய்தார். 1759 பிப்ரவரியில் ஆங்கிலக் கப்பல்கள் தோன்றவே முற்றுகை கலைந்தது. சென்னை ஆங்கிலேயரிடம் எஞ்சியதில் பனையூர்ப் பிள்ளைக்கும் பெரும் பங்கு உண்டு. 1760 ஜனவரியில் வந்தவாசியில் லாலி தோற்றார். 1761 ஜனவரியில் புதுச்சேரியும் வீழ்ந்து தரைமட்டமாக்கப்பட்டது. பிரஞ்சுக்காரரின் தென்னாட்டுக் கனவு முடிந்தது.

பிரஞ்சுக்காரரை வீழ்த்த அவ்வளவு பாடுபட்ட ஒருவர், அவர்கள் வீழ்ந்த பின்னர் அவர்களுடைய கொடியை ஏற்றினாரே, அது ஏன்? இக்கேள்விக்கு விடை காணாமல் கான் சாஹிபை நாம் புரிந்துகொள்ள இயலாது.

ஆளுநர் கான் சாஹிபு

1759இல் மதுரை, திருநெல்வேலிச் சீமைகள் ஆண்டுக்கு 5 இலட்சம் ரூபாய்க் குத்தகையில் அவரிடம் ஒப்படைக்கப்பட்டன. குறுகிய காலமே ஆண்டார். எனினும் அவருடைய ஆட்சியை அவரைத் தூக்கிலிட்டவர்களின் வழிவந்த ஆங்கில எழுத்தாளர்களே புகழ்ந்து எழுதியுள்ளனர். வழிப்பறி அடங்கியது. கண்மாய்களும் கால்வாய்களும் செப்பனிடப்பட்டன. நெசவாளரும் வணிகரும் அச்சமின்றித் தொழில் செய்தனர். முன்பிருந்தோர் பறித்துக்கொண்ட மீனாட்சி அம்மன் கோயில் வருமானத்தை அவர் மீண்டும் வழங்கி வழிபாடு நடக்கச் செய்தார் என்று மதுரை மரபு நன்றியோடு நினைவு கூர்கிறது. ஐவேளைத் தொழுகையாளி ஒருவர் ஆலயத்தின் உரிமையைக் காத்தது, அவர் நீதியின் அடையாளம். மதுரையின் கான்பாளையமும் கான்சாமேட்டுத் தெருவும், வத்திராயிருப்புப் பக்கத்துக் கான்சாபுரமும் இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்பதாகக் கூறுவர். அஞ்சிய மக்கள் கொடுங்கோலன் பெயரை ஊருக்கு இடுவதில்லை.

ஆனால், மறுபக்கத்தையும் மறைத்தல் தகாது. அந்தப் பணத்தைத் திரட்டியது அவருடைய வாள். நெற்கட்டும்செவல் பூலித்தேவர் வெள்ளையருக்கும் நவாபுக்கும் வரி கட்ட மறுத்துப் போராடியவர். அவருடைய நெற்கட்டும்செவல், வாசுதேவநல்லூர், பனையூர்க் கோட்டைகளை 1761இல் தகர்த்தவர் கான் சாஹிபே. இந்தப் பனையூர் அவர் பிறந்த ஊரன்று, திருநெல்வேலிச் சீமையிலுள்ளது. மறவர் பாளையங்களும் கள்ளர் நாடுகளும் அவருடைய கடுமையை நன்கு அறிந்தவை. அந்தக் கோட்டைகளில் மாண்டவர்களின் மக்களுக்கு அவர் கம்பெனியின் கைவாளாகவே தோன்றியிருப்பார். நம்மவர் என்பதற்காக இதை நாம் மறைத்துப் பேசினால், அவரைப் பெருமைப்படுத்தியவர்கள் ஆக மாட்டோம்.

கொடி மாறியது

நவாப் முஹம்மது அலிக்குக் கான் சாஹிபின் வளர்ச்சி நெஞ்சில் முள்ளாயிற்று. மதுரை தமக்குரியது, அங்கே ஆள்பவர் தம் ஊழியர் என்பது நவாபின் வாதம். தம்மை அமர்த்தியது கம்பெனி, தம் கணக்கு கம்பெனியோடு என்பது கான் சாஹிபின் வாதம். சென்னைக் கவுன்சில் இரு பக்கமும் பேசிப் பார்த்தது. முடிவில் நவாப் பக்கம் சாய்ந்தது. போர்ச் செலவு முழுவதையும் நவாபின் கணக்கில் எழுதி வைத்திருந்த கம்பெனிக்கு, கடன்காரரின் நிலத்தைக் காப்பாற்றுவது தன் பணத்தைக் காப்பாற்றுவதாகும். கான் சாஹிபு இனி நவாபுக்குக் கீழ்ப்பட்டவர் என்று முடிவாயிற்று.

ஒரு கணம் சிந்திப்போம். கோட்டைகளைப் பிடிக்கும்போது அவர் கம்பெனியின் தளபதி. குத்தகை வாங்கும்போது கம்பெனியின் நம்பிக்கைக்குரியவர். உரிமை கேட்கும்போது மட்டும் நவாபின் வேலைக்காரர்! பின்னர் அவரைக் கலகக்காரர் என்று கம்பெனி எழுதி வைத்தது. எவருக்கு எதிரான கலகம் என்பதற்கு, அந்தந்த நாளின் வசதிக்கேற்ப அதுவே விடை சொல்லிக்கொண்டது.

1762 இறுதியில் திருவிதாங்கூரோடு அவர் போரில் இறங்கினார். நவாபோடு உறவு முற்றிலும் முறிந்தது. ஹைதர் அலியிடமும் நிஜாமிடமும் துணை தேடினார். அச்சமயம் மார்ஷான் என்ற பிரஞ்சு அதிகாரி ஒரு சிறு படையோடு அவரிடம் வந்து சேர்ந்தார். புதுச்சேரி இழந்து திக்கற்றுத் திரிந்த பிரஞ்சு வீரர்களுக்கு மதுரை புகலிடமாயிற்று. கான் சாஹிபுக்கோ பீரங்கி இயக்கத் தெரிந்த கைகள் தேவை. 1763இன் தொடக்க மாதங்களில் மதுரைக் கோட்டையில் ஆங்கிலக் கொடி இறங்கியது. பிரஞ்சுக் கொடி ஏறியது.

அக்கொடியின் மதிப்பு அப்போது என்ன? 1763 பிப்ரவரி 10ஆம் நாள் பாரிஸ் நகரில் இங்கிலாந்தும் பிரான்சும் சமாதான உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. கனடாவை இங்கிலாந்துக்கு விட்டுக் கொடுத்த அதே உடன்படிக்கையின் 11ஆம் விதி, முஹம்மது அலியே கர்நாடகத்தின் முறையான நவாப் என்று இரு நாடுகளும் ஏற்பதாகக் கூறிற்று. அதே விதி சலாபத் ஜங்கைத் தக்காணத்தின் சுபேதாராக ஏற்றது. அவரோ அதற்கு முந்திய ஆண்டே தம் தம்பி நிஜாம் அலியால் பதவி பறிக்கப்பட்டுச் சிறையில் கிடந்தார். நம் நாட்டு அரியணையில் யார் இருக்கிறார் என்பதே தெரியாமல், யார் இருக்கலாம் என்று தீர்மானித்தார்கள்! பாரிசிலிருந்து சென்னைக்குச் செய்தி வரப் பல மாதங்களாகும் காலம் அது. எந்த நாட்டுக் கொடியை நம்பிக் கான் சாஹிபு மதில் மீது ஏற்றினாரோ, அந்த நாடு அவருடைய பகைவரை நவாபாக ஒப்புக்கொண்டு அதே பருவத்தில் கையெழுத்திட்டிருந்தது. மதுரையில் பறந்தது பிரான்சின் பலமன்று, வெறுந்துணி.

இரண்டு முற்றுகைகள்

1763இன் பிற்பகுதியில் கர்னல் மான்சன் தலைமையில் கம்பெனிப் படையும் நவாபின் படையும் மதுரையைச் சூழ்ந்தன. கான் சாஹிபு மதில்களைப் பலப்படுத்தி ஆயத்தமாயிருந்தார். தாக்கியவர்களுக்குச் சேதம் பெருகியது. ஐப்பசி, கார்த்திகை மழையும் இறங்கியது. நவம்பரில் முற்றுகையைக் கைவிட்டுப் படை பின்வாங்கியது. கம்பெனி எந்தப் போர்முறையைக் கற்பித்ததோ அதே முறையால் கம்பெனியை அவர் தடுத்து நிறுத்தினார்.

அடுத்த ஆண்டு மேஜர் சார்லஸ் காம்பெல் தலைமையில் மீண்டும் முற்றுகை. 1764 ஜூன் 26இல் மதிலைப் பிளந்து ஏறும் பெருந்தாக்குதல் நடந்தது. அதுவும் முறியடிக்கப்பட்டது, மேஜர் பிரெஸ்டன் படுகாயமுற்று மாண்டார். அதன் பின்னர் ஆங்கிலேயர் மதிலைத் தொடவில்லை. வழிகளையெல்லாம் அடைத்துப் பசியிடம் வேலையை ஒப்படைத்தனர். மாதங்கள் சென்றன. கோட்டைக்குள் அரிசி தீர்ந்தது. குதிரைகள் உணவாயின. மழைக்கு முன் மதுரைச் சமவெளியின் வெயில் எத்தகையது என்பதை நாம் அறிவோம். அந்த வெயிலில், சூழ்ந்த நகரில், நோயும் பசியும் வாட்டிய மக்களின் பெயர்கள் எந்த ஆவணத்திலும் இல்லை. அவர்களையும் இங்கே நினைக்கக் கடமைப்பட்டிருக்கிறோம். கான் சாஹிபு உடன்பாடு பேச முயன்றார், அது பலிக்கவில்லை.

பசித்த கோட்டைக்குள் சந்தேகம் புகுந்தது. தளபதிக்கும் மார்ஷானுக்கும் வாக்குவாதம் முற்றி, கோபத்தில் அவர் அந்தப் பிரஞ்சு அதிகாரியைச் சவுக்கால் அடித்துவிட்டார் என்பர். 1764 அக்டோபர் 13ஆம் நாள் கான் சாஹிபு தொழுகையில் ஈடுபட்டிருந்த நேரம். திவான் சீனிவாச ராவும் மார்ஷானும் கூட்டுச் சேர்ந்தவர்களும் அவரைச் சூழ்ந்து, அவருடைய தலைப்பாகைத் துணியாலேயே கட்டினர் என்று கூறுகின்றனர். வெளியே தகவல் போயிற்று. கோட்டை காம்பெல் வசமாயிற்று. எந்த மதிலை இருமுறை ஆங்கிலேயர் தாண்ட முடியவில்லையோ, அது உள்ளிருந்து திறக்கப்பட்டது.

ஹிஜ்ரி 1178, அதாவது 1764 அக்டோபர் 15ஆம் நாள், நவாபின் ஆணைப்படி சம்மட்டிபுரத்தில் அவர் தூக்கிலிடப்பட்டார். கம்பெனி தன் முன்னாள் தளபதியை, தங்கப் பதக்கம் பெற்றவரை, நவாபிடம் ஒப்படைத்துவிட்டு ஒதுங்கி நின்றது. இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். இறந்த பின்னும் அவரை அஞ்சினர். ஆகவேதான் உடலைத் துண்டாடித் திருச்சிராப்பள்ளி, பாளையங்கோட்டை, பெரியகுளம் முதலிய ஊர்களுக்கு அனுப்பினர் என்ற மரபு பிறந்தது.

யார் வென்றார்?

கான் சாஹிபைத் தூக்கிலிட்டு மதுரையைப் பெற்ற நவாப் முஹம்மது அலி அதன் பலனை அனுபவித்தாரா? போர்க்கடன் மேல் கடன் ஏறியது. கம்பெனி ஊழியர்களே தனிப்பட்ட முறையில் அவருக்கு வட்டிக்குக் கொடுத்தனர். ஆற்காட்டு நவாபின் கடன் இலண்டன் பாராளுமன்றத்தில் விவாதிக்கப்படும் அளவுக்கு வளர்ந்தது. அவர் 1795இல் காலமானார். 1801 ஜூலையில் கர்நாடகம் முழுவதையும் கம்பெனி தன் நேர் ஆட்சியில் எடுத்துக்கொண்டது. கான் சாஹிபின் தூக்குக்கும் நவாபுகளின் ஆட்சி மறைவுக்கும் இடைப்பட்டது 37 ஆண்டுகளே. பிரஞ்சுக்காரர் புதுச்சேரியைத் திரும்பப் பெற்று வணிகம் நடத்தினர். 1954 வரை அங்கே அவர்கள் கொடி பறந்தது. மதுரைக் கோட்டையில் தம் கொடி ஒரு காலத்தில் பறந்ததை அவர்களுடைய நாட்டில் எத்தனை பேர் அறிவர்?

இனி நம் தீர்ப்புக்கு வருவோம். கான் சாஹிபு துரோகியா? அல்லர். தம்மைப் பயன்படுத்திக்கொண்டு பின் கைகழுவிய ஒரு கம்பெனியிடம் அவர் உரிமை கேட்டார். அதற்குத் துரோகம் என்று பெயர் இடுதல் கம்பெனியின் கணக்குப் புத்தகத்தை வேதமாகக் கொள்வதாகும். அப்படியாயின் மாசற்ற விடுதலை வீரரா? அதுவும் முழுமையான உண்மையன்று. விடுதலை வேண்டி நின்ற பூலித்தேவரை வீழ்த்திய கை அவருடையது. 1761இல் பூலித்தேவர் எதை வேண்டினாரோ அதையே 1763இல் கான் சாஹிபும் வேண்டினார். இரண்டு ஆண்டுகள் முன்னதாக அவ்விருவரும் ஒருவரையொருவர் புரிந்துகொண்டிருந்தால் தென்னாட்டின் வரலாறு வேறு வழியில் சென்றிருக்கக் கூடும். தம் மண்ணில் கிடைத்திருக்க வேண்டிய துணையை அவரே வாளால் அழித்துவிட்டார். எஞ்சியது கடல் கடந்து வந்த ஒரு கொடி. அதுவும் இரவல்.

இதுவே அவருடைய வாழ்வு நமக்கு விட்டுச் சென்ற பாடம் என்று கருதுகிறோம். வலியவர் இருவர் மோதும்போது ஒருவரின் கொடியை விட்டு மற்றவரின் கொடியைப் பிடிப்பது விடுதலையாகாது. அவர்கள் தூரத்தில் அமர்ந்து தமக்குள் சமாதானம் செய்துகொள்வர். கொடியைப் பிடித்த கை மட்டும் வெட்டுப்படும். அண்டை வீட்டாரோடு சேர்ந்து ஏற்றும் கொடியே நிழல் தரும்.

எனினும் மக்கள் அவரை மறக்கவில்லை. ‘கான்சாகிபு சண்டை’ என்னும் கதைப்பாடலாக நாட்டுப்புற மக்கள் அவர் கதையைத் தலைமுறை தலைமுறையாகப் பாடி வந்தனர். 1914இல் எஸ். சி. ஹில் என்ற ஆங்கிலேயர் அவரைக் கலகத் தளபதி என்று தலைப்பிட்டே ஒரு நூல் எழுதினார். பாடிய மக்கள் அவரை அப்பெயரால் அழைக்கவில்லை. சாஹிபு என்றே அழைத்தனர்.

மதுரைக்குச் செல்லும் நம் குடும்பங்கள் மீனாட்சி கோயிலின் கோபுரத்தைப் பார்க்கின்றன. திருமலை நாயக்கர் மகாலைப் பார்க்கின்றன. அடுத்த முறை செல்லும்போது பிள்ளைகளை அழைத்துக்கொண்டு சம்மட்டிபுரம் வரை ஒரு முறை போய் வருவோம். அந்தக் கப்ரின் அருகே நின்று அவருக்காக ஒரு ஃபாத்திஹா ஓதுவோம். பிறகு அவர் செய்த நன்மையையும் பிழையையும் மறைக்காமல், நெற்கட்டும்செவலின் கதையையும் சேர்த்தே, பிள்ளைகளுக்குச் சொல்வோம்.